துப்பாக்கிக்கும் கணக்கு வேண்டும்

பன்வில மலைச்சாரலில் உள்ள எந்தத் தேயிலைத் தோட்டத்திற்கும் மாலைவேளையில் சென்று, கொழுந்து நிறுக்கும் இடத்தில் சற்று நின்று பாருங்கள். பகலெல்லாம் மழையிலும் வெயிலிலும் நின்று பறித்த பெண்ணின் கொழுந்து தராசில் ஏறுகிறது. கணக்கப்பிள்ளை கிலோக் கணக்கைப் புத்தகத்தில் பதிகிறார். சாக்குக்கு இவ்வளவு, ஈரத்திற்கு இவ்வளவு, முற்றிய இலைக்கு இவ்வளவு என்று கழிக்கிறார். குறித்த அளவிற்கு ஒரு கிலோ குறைந்தாலும் அன்றைய பெயர் அரைப்பேராகிவிடுகிறது. இலைக்குக் கணக்குண்டு, கணக்குக் கேட்க ஆளும் உண்டு.

வங்கி எழுதுவினைஞர் ஒருவர் மாலையில் பெட்டியைப் பூட்டுமுன் ஒரு ரூபாய் குறைந்தாலும் வீடு செல்ல முடியாது. ஆசிரியர் வரவுப் பதிவேட்டிற்குப் பொறுப்பாளி. மிளகுத் தோட்டத்தையும் மரக்கறிப் பாத்தியையும் காட்டுப்பன்றியிடமிருந்து காக்கத் துப்பாக்கி வைத்திருக்கும் விவசாயிகூட, ஆண்டுதோறும் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பித்தே ஆகவேண்டும். பன்றியைச் சுடும் துப்பாக்கிக்கே அரசாங்கம் கணக்குக் கேட்கிறது.

அப்படியானால், மனிதனைச் சுட்ட அரசாங்கத் துப்பாக்கிக்குக் கணக்குக் கேட்பவர் யார்? அந்தக் கணக்கை யாரிடம், எப்போது, எந்த மொழியில் ஒப்படைக்கவேண்டும்? மலையகத் தமிழரின் அரசியல் வாழ்வு தொடங்கிய நாளிலேயே எழுந்த கேள்வி இது. இன்றுவரை இதற்கு முழுமையான விடை கிடைக்கவில்லை.

பன்விலவுக்கு வெகுதூரத்தில் இல்லை முல்லோயா. கண்டி நகருக்கு அப்பால், ஹேவாஹெட்டை மலைப்பகுதியில் உள்ள தோட்டம் அது. அங்கே தொழிலாளர் 16 சத ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். லங்கா சமசமாஜக் கட்சியினரின் தொழிற்சங்கம் அவர்களுக்குத் துணை நின்றது. 1940ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள் பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி மாண்டார். தோட்டத் தொழிற்சங்க வரலாற்றில் முதல் உயிர்ப்பலியாக அவரை மலையகம் இன்றும் நினைவுகூர்கிறது.

கோவிந்தன் இறந்த பின்னர் நிகழ்ந்தவற்றை நம் இளைஞர் பலர் அறியார். கொலைக்கு விசாரணை வேண்டும் என்ற குரல் அரசாங்க சபைவரை எட்டியது. விசாரணை ஆணைக்குழு அமைந்தது. கோவிந்தனின் விதவையின் சார்பில் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா அங்கே தோன்றி வாதாடினார். லயத்து அறையில் வாழ்ந்த ஏழைப்பெண் ஒருத்தி, சட்டத்தரணி ஒருவரின் வாய்மொழியால், ஏகாதிபத்தியத்தின் பொலிஸ் படையைக் குறுக்குக் கேள்வி கேட்டாள். அந்த நாளில் அது சிறிய காரியமன்று.

அதே வேளையில் இன்னொரு போராட்டமும் மூண்டது. ஆணைக்குழுவின் விசாரணை முடியும்வரை முல்லோயாத் தொழிலாளர்மீது தொடுக்கப்பட்ட வழக்குகளைத் தள்ளிவைக்குமாறு உள்நாட்டு அமைச்சர் சேர் பாரன் ஜயதிலக்க பொலிஸ் மா அதிபர் பாங்க்சிடம் கூறினார். பொலிஸ் மா அதிபர் அதற்கு இணங்கவில்லை. தேசாதிபதி கால்டெகொட் பொலிஸ் மா அதிபரின் பக்கம் நின்றார். மக்கள் தேர்ந்தெடுத்த சபையின் அமைச்சரின் சொல் பொலிசிடம் செல்லாது என்றானதும், 1940 பெப்ரவரியில் அமைச்சர்கள் ஒருமித்துப் பதவி துறந்தனர். பின்னர் அவர்கள் பதவிக்குத் திரும்பினர் என்பது வேறு கதை. ஒரு தோட்டத் தொழிலாளியின் மரணம் இலங்கையின் அமைச்சரவையையே உலுக்கி, பொலிஸ் யாருக்குக் கட்டுப்பட்டது என்ற வினாவை நாட்டின் நடுக்கூடத்தில் வைத்தது என்பதே நாம் மறக்கக்கூடாதது.

தேசாதிபதி போனார்; சுதந்திரம் வந்தது. வினா மட்டும் போகவில்லை. 1953 ஆகஸ்ட் 12ஆம் நாள் அரிசி விலை உயர்வை எதிர்த்து நாடு ஹர்த்தால் செய்தபோது பொலிசாரின் துப்பாக்கிக்குப் பலர் இரையாயினர். அதன் பாரம் தாங்காமல் பிரதமர் டட்லி சேனநாயக்க அவ்வாண்டு ஒக்டோபரில் பதவி விலகினார். 1956இல் டயகம தோட்டத்தில் ஏப்ரகாம் சிங்கோ சுடப்பட்டு இறந்தார். தமிழ்த் தொழிலாளரோடு தோளிணைந்து நின்ற சிங்களத் தோழர் அவர். 1976 நவம்பர் 12ஆம் நாள் நமது கண்டிக்கு அருகே பேராதனை வளாகத்தில் மாணவன் வீரசூரிய பொலிசாரின் குண்டுக்குப் பலியானான். 1977 மே மாதம், தோட்டக் காணிகள் பறிபோவதை எதிர்த்த டெவன் தோட்டத் தொழிலாளரிடையே நின்ற சிவனு லட்சுமணன் சுடப்பட்டு வீழ்ந்தான்.

தமிழன், சிங்களவன், தொழிலாளி, மாணவன் என்று துப்பாக்கி வேறுபாடு பார்க்கவில்லை. ஆகையால் இதனைத் தமிழரின் தனிக்குறை என்று ஒதுக்குவோரும், சிங்கள மக்களுக்கு இதில் அக்கறையில்லை என்று எண்ணுவோரும் ஒருசேரத் தவறுகின்றனர்.

அண்மைக் காலத்திற்கு வருவோம். கண்டியிலிருந்து கொழும்புக்கு ரயிலில் செல்வோர் அனைவரும் றம்புக்கணையை அறிவர். மலையேற்றம் முடிந்து ரயில் சமவெளியைத் தொடும் இடம் அது. 2022 ஏப்ரல் 19ஆம் நாள், எரிபொருளுக்காகக் காத்திருந்தும் கிடைக்காமல், விலையும் ஒரே இரவில் ஏறியது கண்டு கொதித்த மக்கள் அங்கே ரயில் பாதையை மறித்தனர். பொலிசார் சுட்டதில் ஒருவர் மாண்டார், பலர் காயமுற்றனர். எரிபொருள் கொள்கலன் வண்டிக்குத் தீ வைக்க முயன்றனர் என்பது பொலிசார் கூறிய காரணம். இம்முறை கேகாலை நீதவான் வாளாவிருக்கவில்லை. சுட்டவர்களையும் சுடக் கட்டளையிட்டவரையும் கைது செய்யுமாறு ஆணையிட்டார். சில நாட்களுக்குள் சிரேஷ்ட பொலிஸ் அத்தியட்சகர் ஒருவரே கைதானார். நீதித்துறை விழித்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அது ஓர் அடையாளம்.

கூட்டத்தில் நிகழும் மரணத்திற்குச் சாட்சிகள் ஆயிரம் பேர் இருப்பர். சாட்சியே இல்லாத மரணங்களும் உண்டு. கைதாகி, கையில் விலங்குடன் பொலிசாரின் பொறுப்பில் இருக்கும் ஒருவர், மறைத்து வைத்த ஆயுதத்தைக் காட்டுவதற்கென்று இரவில் அழைத்துச் செல்லப்படுகிறார். அங்கே அவர் தாக்க முயன்றார், தற்காப்புக்காகச் சுட்டோம் என்று மறுநாள் அறிக்கை வருகிறது. 2020 ஒக்டோபரில் மாளிகாவத்தையில் மாக்கந்துரே மதூஷ் இறந்தபோது கேட்ட கதை இதுவே. 2021 மே மாதம் அடுத்தடுத்து இருவர் பொலிஸ் காவலில் சுடப்பட்டு இறந்தபோதும் ஏறக்குறைய இதே கதையைக் கேட்டோம். சட்டத்தரணிகள் சங்கம் அப்போது தன் கண்டனத்தை வெளிப்படையாகவே கூறியது.

இங்கே நமது வாசகர்களில் சிலர் முகம் சுளிக்கலாம். "போதைப்பொருள் விற்றவன், கொலைகாரன், அவன் செத்தால் நமக்கென்ன?" என்று தேநீர்க் கடையிலும் பஸ் வண்டியிலும் பேசுவதை நாமும் கேட்கிறோம். போதைப்பொருள் நம் தோட்டங்களுக்குள்ளும் புகுந்து பிள்ளைகளைக் கெடுக்கிறது என்ற கோபத்தில் பிறக்கும் பேச்சு அது. அந்தக் கோபத்தை நாம் மதிக்கிறோம். அந்த முடிவை ஏற்க மறுக்கிறோம். அவன் குற்றவாளி என்று சொன்னது யார்? அவனைச் சுட்ட அதே பொலிஸ். விசாரித்தது யார்? அதே பொலிஸ். தண்டனை நிறைவேற்றியது யார்? அதே பொலிஸ். மூன்று கதிரைகளிலும் ஒருவரே அமர்ந்தால் அதன் பெயர் நீதிமன்றமாகாது. அவன் உயிரோடிருந்தால் தனக்குப் பணம் கொடுத்தவர் யார், காவல் நின்றவர் யார், தப்பவிட்டவர் யார் என்று நீதிமன்றத்தில் சொல்லியிருப்பான். குண்டு அவன் வாயை அடைத்தது. அவனுக்கு மேலிருந்தவர்கள் நிம்மதியாக உறங்கினர்.

அது மட்டுமன்று. இன்று பாதாள உலகத்தவனுக்குப் பொருந்தும் வழக்கம், நாளை வேலைநிறுத்தம் செய்பவனுக்கும் பொருந்தும். 1940இல் கோவிந்தனையும் கலகக்காரன் என்றே சிலர் அழைத்திருப்பர். இறந்தவன் நல்லவனா கெட்டவனா என்பதைப் பொறுத்துக் கணக்குக் கேட்போமானால், யார் நல்லவன் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தையும் துப்பாக்கி ஏந்தியவனிடமே ஒப்படைத்துவிடுகிறோம்.

பொலிசாரின் கையைக் கட்டிப்போட்டால் நாட்டில் ஒழுங்கு எப்படி நிலைக்கும் என்று கேட்பாரும் உளர். நியாயமான கேள்வியே. இரவில் திருடனைத் துரத்துபவனும், கலவரத்தின் நடுவே நிற்பவனும் பொலிஸ்காரனே. அவனுக்கும் மனைவி மக்கள் உண்டு. அவனும் குறைந்த சம்பளத்தில் நீண்ட நேரம் உழைப்பவன். தன் உயிரையோ பிறர் உயிரையோ காக்க வேறு வழியில்லாத கணத்தில் சுடுவதை எந்த நாட்டுச் சட்டமும் தடுப்பதில்லை. 1990இல் ஐக்கிய நாடுகளின் ஹவானா மாநாடு வகுத்த கோட்பாடுகளும் அதையே கூறுகின்றன: உயிரைக் காப்பதற்குத் தவிர்க்கவே முடியாதபோது மட்டும் உயிரைப் போக்கும் வகையில் சுடலாம், சுட்டபின் அறிக்கையும் சுதந்திரமான பரிசீலனையும் வேண்டும். நமது 1979ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 95ஆம் பிரிவும், சட்டவிரோதக் கூட்டத்தைக் கலைக்க நியாயமாகத் தேவைப்படும் அளவு பலத்தையே அனுமதிக்கிறது. தேவைக்கு மேற்பட்ட ஒவ்வொரு குண்டும் சட்டத்திற்குப் புறம்பானது.

கணக்குக் கேட்பது நேர்மையான பொலிஸ்காரனுக்குப் பகையன்று; அவனுக்குக் காவல். இதனை ஐயுறுவோர் வெலிகம நிகழ்ச்சியை எண்ணிப் பார்க்கட்டும். 2023 டிசம்பர் 31ஆம் நாள் கொழும்புக் குற்றத் தடுப்புப் பிரிவைச் சேர்ந்த குழுவொன்று சீருடையின்றி வெலிகமவிலுள்ள ஹோட்டலொன்றின் முன்னே துப்பாக்கிப் பிரயோகம் செய்தது. உள்ளூர்ப் பொலிசார் அவர்களை இன்னாரென்று அறியாமல் எதிர்த்துச் சுட்டனர். பொலிஸ் சுட்டுப் பொலிஸே மாண்டது. அதன் தொடர்ச்சியாக மாத்தறை நீதவான் 2025இல் தேசபந்து தென்னக்கோனைக் கைது செய்ய ஆணையிட்டார். விசாரணைக் குழுவொன்று அவர்மீதான குற்றச்சாட்டுகளில் பலவற்றை உறுதிசெய்தது. 2025 ஆகஸ்ட் 5ஆம் நாள் நாடாளுமன்றம் 177 வாக்குகளால் அவரைப் பொலிஸ் மா அதிபர் பதவியிலிருந்து நீக்கியது. 1940இல் பொலிஸ் மா அதிபரின் முன்னே மக்கள் பிரதிநிதிகள் தோற்று நின்றனர். 85 ஆண்டுகளின் பின்னர் மக்கள் பிரதிநிதிகள் பொலிஸ் மா அதிபரிடம் கணக்குக் கேட்டனர். நீண்ட பயணமே, ஆயினும் ஊர் இன்னும் வந்து சேரவில்லை.

ஏனெனில், உச்சியில் இருப்பவரை நீக்குவதால் அடியில் உள்ள வழக்கம் தானே மாறிவிடாது. பொலிசின்மீது சுதந்திரமான மேற்பார்வை வேண்டுமென்றே 2001ஆம் ஆண்டின் 17ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவைத் தோற்றுவித்தது. பொதுமக்களின் முறைப்பாடுகளை விசாரிக்கும் கடமையையும் அதற்கு அளித்தது. 2010இல் 18ஆவது திருத்தம் அதன் பல்லைப் பிடுங்கியது. 2015இல் 19ஆவது திருத்தம் மீண்டும் உயிரூட்டியது. 2020இல் 20ஆவது திருத்தம் மறுபடி தளர்த்தியது. 2022இல் 21ஆவது திருத்தம் மறுபடி நிமிர்த்தியது. ஆட்சிக்கு வருவோரின் விருப்பத்திற்கேற்ப வளர்வதும் தேய்வதுமாக இருந்தால் அது ஆணைக்குழுவா, வானத்துச் சந்திரனா?

நமது அரசியலமைப்பில் உயிர்வாழும் உரிமை தனியொரு உறுப்புரையாக இன்றும் எழுதப்படவில்லை. அந்தக் குறையைப் பெரிதும் நிரப்பியது ஒரு பெண்ணின் வழக்கு. பொலிஸ் தாக்குதலின் பின்னர்த் தடுப்புக் காவலில் இறந்த தன் கணவனுக்காக ஸ்ரீயானி சில்வா என்பவர் உயர் நீதிமன்றம் சென்றார். இறந்தவனின் உரிமையை அவன் மனைவி கோரலாம் என்றும், அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரையிலேயே உயிர்வாழும் உரிமை பொதிந்திருக்கிறது என்றும் நீதிமன்றம் தீர்த்தது. 2003இல் வந்த தீர்ப்பு அது. கோவிந்தனின் விதவை ஆணைக்குழுவின் முன் நின்ற இடத்திலிருந்து நீதி ஓரடி முன்னேறியது.

இனிச் செய்யவேண்டியது யாது? நாம் கேட்பவை நான்கு.

முதலாவது, பொலிசார் சுட்டதால் உயிரிழப்பு நேருமிடத்து அந்தப் பொலிஸ் நிலையமோ அந்தப் பிரிவோ அதனை விசாரிக்கக்கூடாது. வட அயர்லாந்தில் பொலிசாரை விசாரிக்கப் பொலிசுக்குப் புறம்பான அதிகாரி ஒருவரை 2000ஆம் ஆண்டிலேயே நியமித்துவிட்டனர். அத்தகைய தனி அலுவலகம் இங்கும் வேண்டும்.

இரண்டாவது, இத்தகைய கொலை வழக்குகள் மேல் நீதிமன்றத்திற்குச் செல்வது சட்டமா அதிபரின் முடிவைப் பொறுத்திருக்கிறது. அரசாங்கத்தின் சட்ட ஆலோசகரும் அவரே. அரசாங்க ஊழியர் குற்றஞ்சாட்டப்படும்போது வழக்குத் தொடர்வதற்குத் தனியான, சுதந்திரமான அதிகாரி வேண்டும்.

மூன்றாவது, காலவரையறை வேண்டும். அறிக்கை வெளியாகவும் வேண்டும். தமிழகத்துத் தூத்துக்குடியில் 2018 மே 22ஆம் நாள் தாமிர ஆலையை எதிர்த்து ஊர்வலம் சென்ற மக்களைப் பொலிசார் சுட்டதில் 13 பேர் மாண்டனர். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை சட்டமன்றத்தின் முன் வைக்கப்பட்டபோது 2022 ஒக்டோபர் ஆகிவிட்டது. பொலிஸ் அதிகாரிகள் பலர்மீது நடவடிக்கை வேண்டுமென்று அது பரிந்துரைத்தது. உண்மையைக் கூற நான்காண்டுக்கு மேல் ஆனால், அதற்குள் சாட்சியின் நினைவு மங்கும். தாயின் கண்ணீர் வற்றும். அதிகாரி ஓய்வூதியம் பெற்றுச் செல்வான்.

நான்காவது, விசாரணையின் ஒவ்வொரு கட்டமும் குடும்பத்தாரின் மொழியில் நிகழவேண்டும். தமிழ் இந்நாட்டின் அரச கரும மொழிகளில் ஒன்று. மகனை இழந்த தாய் தனக்கு விளங்காத மொழியில் எழுதிய வாக்குமூலத்தின் கீழ்க் கைநாட்டு வைப்பாளாகில், அது வாக்குமூலமன்று. அவள் இழந்ததற்கு மேல் இன்னோர் இழப்பு.

அரசாங்கத்திடம் கேட்பதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. பன்வில, மடுல்கலை, ஹுலுகங்கைப் பகுதிகளில் வாழும் ஆசிரியர், சட்டத்தரணி, எழுதுவினைஞர், தொழிற்சங்கத் தலைவர் ஆகியோருக்கு ஒரு வார்த்தை. காவலில் ஒருவர் இறந்தால் நீதவான் விசாரணை நடத்தவேண்டும் என்பதைத் தோட்டத்து மக்களுக்கு எடுத்துரையுங்கள். அடிப்படை உரிமை மீறலுக்காக உயர் நீதிமன்றம் செல்ல ஒரு மாதமே அவகாசம் என்பதைக் கூறுங்கள். அந்த ஒரு மாதத்திற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த அவகாசத்தில் சேராது. அந்த ஆணைக்குழுவின் அலுவலகம் கண்டியிலேயே இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அறிக்கைகளைக் கேட்டுப் பெறலாம். வாக்குமூலத்தை வாசித்துக் காட்டும்படி கேட்டு, விளங்கிய பின்னரே கையொப்பமிடச் சொல்லுங்கள். படித்தவன் துணை நிற்காத ஊரில் சட்டம் புத்தகத்திலேயே உறங்கும்.

விவசாயப் பெருமக்களுக்கும் ஒரு வார்த்தை. ஊரில் ஓர் அநியாயம் நேரும்போது, "நமக்கேன் வம்பு" என்று வாசற்கதவைச் சாத்தாதீர்கள். கண்டதைக் கண்டபடி சொல்லும் ஒரு சாட்சி நூறு ஊர்வலங்களுக்குச் சமம். சாட்சிகளுக்குப் பாதுகாப்பளிக்கும் சட்டமும் இந்நாட்டில் இருக்கிறது.

நிறைவாக ஒன்று. ஆராயாமல் கொடுத்த கட்டளையாலும், தயங்கிய காவலர்களிடையே தயங்காத ஒருவனின் வாளாலும் கோவலன் மதுரையில் மாண்ட கதையை நாம் அறிவோம். அவன் மனைவி அழுதுகொண்டு வீட்டில் இருந்துவிடவில்லை. சிலம்பைக் கையிலேந்தி அரசவைக்கே சென்று கணக்குக் கேட்டாள். மன்னன் அவளை வாயிலில் தடுக்கவில்லை. கேட்டான், ஆராய்ந்தான், தன் தவற்றை உணர்ந்து உயிர்விட்டான். அந்தக் கண்ணகியையே சிங்கள மக்கள் பத்தினித் தெய்வமாக வணங்குகின்றனர். கண்டித் தலதா மாளிகையின் அருகே அவளுக்குத் தேவாலயம் உண்டு. எசல பெரஹராவில் அவளுடைய ஊர்வலமும் ஆண்டுதோறும் வீதி வலம் வருகிறது. கணக்குக் கேட்ட பெண்ணைத் தெய்வமாக்கிய இரண்டு மக்கள் வாழும் மண் இது.

தெய்வத்திற்குத் தீவட்டி பிடிக்கும் நாடு, அவள் கேட்ட கேள்வியையும் மதிக்கவேண்டும். கொழுந்துக்குத் தராசு வைத்திருக்கிறோம், உயிருக்கும் வைப்போம். அந்தத் தராசு பொலிஸ் நிலையத்திற்குள் இருத்தல் ஆகாது. மக்கள் பார்க்கும் இடத்தில், பகல் வெளிச்சத்தில் அது தொங்கவேண்டும்.